காலடியில் நகரும் தட்டுகள்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

பெரம்பலூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் புவியியல் நடத்துகிறேன். காரை கிராமத்தை ஒட்டி மழை அரித்துப் போட்ட களிமண் மேடுகள் இருக்கின்றன. வருடத்தில் ஓரிரு முறை பிள்ளைகளை அங்கே கூட்டிப் போவேன். போகிற வழியிலும், வகுப்பிலும், பெற்றோர் கூட்டத்திலும் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். என் வீட்டில் இரண்டு கற்கள் உண்டு. மேசையில் இருப்பது, இந்தப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்க்கும் ஒரு மாணவியின் அப்பா கொடுத்தது. உள்ளங்கை அகலம், மங்கிய மஞ்சள் நிறம், கடாக்கொம்பு போலச் சுருண்டு, சுருள் நெடுக வரிவரியாக இருக்கும். பூசை அறையில் இருப்பது பாட்டி காலத்துச் சாளக்கிராமம். கன்னங்கரேல் என்று உருண்டையாக இருக்கும். திறந்த வாய்க்குள் எட்டிப் பார்த்தால் அதே சுருள், அதே வரிகள். பதில்களில் இந்த இரண்டும் வந்துகொண்டே இருக்கும்.

"டீச்சர், பூமிக்கு அடியில நெருப்புக் குழம்பு இருக்கு, அது மேல நாம மிதக்கிறோம். சரிதானே?"

இல்லை. முதலில் சரி செய்ய வேண்டியது இந்தப் படத்தைத்தான். நாம் நிற்கும் மேலோடு கண்டங்களில் 35 கி.மீ. அளவும், கடலடியில் 7 கி.மீ. அளவும் தடிமன் கொண்டது. அதற்குக் கீழே சுமார் 2,900 கி.மீ. ஆழம் வரை இருக்கும் கவசம் திடமான பாறை. கடுமையான சூடுதான், ஆனால் மேலிருந்து அழுத்தும் எடை அதை உருக விடுவதில்லை. எரிமலையில் வரும் குழம்பு, சில இடங்களில் மட்டும் கொஞ்சமாக உருகிச் சேர்ந்தது.

திடப் பாறை எப்படி நகரும்? சாலை போடுகிற இடத்தில் தார் டின் பார்த்திருப்பீர்கள். சுத்தியலால் அடித்தால் கட்டித் தார் கண்ணாடி மாதிரி தெறிக்கும். அதே டின்னைச் சாய்த்துப் போட்டுவிட்டுச் சில நாள் கழித்து வந்து பாருங்கள், மெல்ல வழிந்திருக்கும். கவசப் பாறையும் அப்படித்தான்: அவசரத்துக்குக் கல், அவகாசம் கொடுத்தால் பாகு. அந்த மெதுவான பாகின் மேல்தான் சுமார் 100 கி.மீ. தடிமனுள்ள தட்டுகள் நகர்கின்றன.

"தட்டுன்னா கண்டம்தானே? ஆசியா ஒரு தட்டு, ஆப்பிரிக்கா ஒரு தட்டு?"

தட்டு வேறு, கண்டம் வேறு. தட்டு என்பது மேலோடும் அதை ஒட்டிய கவசத்தின் மேல்பகுதியும் சேர்ந்த ஒரே விறைப்பான பலகை. கண்டம் அதில் ஏறி உட்கார்ந்திருக்கும் பயணி. நம் இந்தியத் தட்டில் இமயத்தின் அடிவாரமும் இருக்கிறது, இலங்கையும் இருக்கிறது, வங்கக்கடலின் தரையும் இருக்கிறது. பசிபிக் தட்டு ஏறக்குறைய முழுவதும் கடல்தான். பெரிய தட்டுகள் ஏழு என்று பாடப்புத்தகம் சொல்லும். சின்னவை இன்னும் நிறைய.

"எவ்வளவு வேகமா போகுது? நமக்கு ஏன் தெரியல?"

விரல் நகம் வளரும் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் முன்னே பின்னே. இந்தியத் தட்டு வடகிழக்காக ஆண்டுக்கு 5 செ.மீ. அளவில் போகிறது. நீங்களும் உங்கள் வீடும் பக்கத்துத் தெருவும் சேர்ந்தே போவதால் தெரிவதில்லை.

தஞ்சைப் பெரிய கோயில் 1010-ல் குடமுழுக்கு கண்டது. அன்றிலிருந்து இன்றுவரை கோயிலும் ஊரும் காவிரியும் சேர்ந்து 50 மீட்டர் அளவு நகர்ந்துவிட்டன. விமானத்தின் உயரத்தைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். ஆனால் அதே நடை ஒரு கோடி ஆண்டு தொடர்ந்தால் 500 கி.மீ.!

"இதையெல்லாம் யார் பார்த்தாங்க? ஊகம்தானே?"

நூறு வருடத்துக்கு முன் கேட்டிருந்தால், பெரிய பெரிய அறிஞர்களே "ஆமாம், ஊகம்தான்" என்றிருப்பார்கள். 1912-ல் ஆல்ஃபிரட் வெகனர் என்ற ஜெர்மானிய வானிலை ஆய்வாளர், கண்டங்கள் ஒரு காலத்தில் ஒட்டியிருந்து பிரிந்தவை என்றார். கரைகள் பொருந்தின, பாறைகள் பொருந்தின, புதைபடிவங்களும் பொருந்தின. ஆனால் எது நகர்த்துகிறது என்பதற்கு அவரிடம் நல்ல பதில் இல்லை. 1930-ல் கிரீன்லாந்துப் பனியில் இறந்தபோதும் பெரும்பாலோர் அவரை ஏற்கவில்லை.

அதே 1912-ல் நடந்த இன்னொன்றை வகுப்பில் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் ராபர்ட் ஸ்காட்டும் தோழர்களும் பனியில் இறந்து கிடந்தார்கள். நடக்கவே தெம்பில்லாத நிலையிலும் சுமார் 16 கிலோ கற்களை அவர்கள் இழுத்து வந்திருந்தார்கள். அந்தக் கற்களில் குளோசாப்டெரிஸ் என்ற பழைய செடியின் இலைத்தடம் இருந்தது. நம் நாட்டில் ராணிகஞ்ச், ஜாரியா நிலக்கரியோடு கிடைக்கும் அதே செடி! ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் தென்னமெரிக்காவிலும் அது உண்டு. (நெய்வேலி நிலக்கரி இதில் சேராது, அது வெகு பிற்காலத்துப் பழுப்பு நிலக்கரி.)

சந்தேகம் தீர்ந்தது கடலடியில். கப்பலில் பெண்களை ஏற்றாத 1950-களில், மேரி தார்ப் கரையில் உட்கார்ந்து, கப்பல்கள் கொண்டுவந்த ஆழ அளவுகளைப் புள்ளி புள்ளியாகத் தாளில் வைத்தார். அட்லாண்டிக்கின் நடுவே ஓடும் மலைத்தொடரின் உச்சியில் ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு தெரிந்தது. கூட வேலை பார்த்தவரே முதலில் நம்பவில்லை. பிறகு அந்தப் பிளவின் இருபுறமும் கடல்தரைப் பாறையில் காந்தத் திசை மாறி மாறிப் பதிந்த பட்டைகள், கண்ணாடி பிம்பம் போல ஒத்திருப்பது புரிந்தது. 1963-ல் அதற்கு விளக்கம் வந்தது. நடுவில் புதுத் தரை பிறந்து இரண்டு பக்கமும் விலகுகிறது என்பதே அந்த விளக்கம். இன்று பெங்களூரில் நிலத்தில் ஊன்றிய ஜி.பி.எஸ். கருவியே நகர்வை மில்லிமீட்டர் கணக்கில் சொல்கிறது.

"புதுத் தரை பொறந்துகிட்டே இருந்தா பூமி பெருத்துடாதா?"

நல்ல கேள்வி. ஓர் ஏழாம் வகுப்புப் பையன் கேட்டது. ஓரிடத்தில் பிறக்கும் அளவுக்கு இன்னோரிடத்தில் அமிழ்கிறது, அதனால் பெருப்பதில்லை. பழசாகிக் குளிர்ந்து கனத்த கடல்தரை, பக்கத்துத் தட்டுக்கு அடியில் சரிந்து கவசத்துக்குள் போய்விடும். பசிபிக்கில் சுமார் 11 கி.மீ. ஆழமுள்ள மரியானா அகழி அப்படிப்பட்ட இடம்.

அதனால்தான் கடல்தரை எப்போதும் இளசு. பெரும்பாலும் 20 கோடி ஆண்டுக்கு உட்பட்டது. கண்டப் பாறை இலேசானது, அமிழாது; எனவே கனடாவில் 400 கோடி ஆண்டுப் பாறை இன்னும் கிடைக்கிறது. இந்தக் கனம், இலேசு வித்தியாசத்தை மனதில் வையுங்கள், குமரிக்கண்டக் கேள்விக்கு வேண்டும்.

"சரி, இவ்வளவு பெரிய தட்டை எது தள்ளுது?"

தள்ளுவதைவிட இழுப்பதுதான் அதிகம். கொடியில் ஈரப் புடவையைப் போடும்போது ஒரு பக்கம் கூடுதலாகத் தொங்கிவிட்டால், அந்தக் கனமே மீதியையும் இழுத்துக்கொண்டு சரசரவென்று கீழே வந்துவிடும். தட்டின் அமிழும் முனையும் அப்படியே மீதித் தட்டை இழுக்கிறது. கடல் நடுமலையின் உயரத்திலிருந்து சரியும் தள்ளலும் கொஞ்சம் உண்டு. அடியில் கவசம் சுழல்வது மட்டுமே தட்டைச் சுமந்து செல்கிறது என்று கொதிக்கும் கஞ்சிப் பானையைக் காட்டும் பழைய படம் முழுக்கத் தப்பில்லை, ஆனால் அது பாதிக் கதை.

"இமயமலை கடலுக்குள்ள இருந்துச்சாமே, நிஜமா?"

நிஜம். எவரெஸ்ட்டின் உச்சிப் பாறை சுண்ணாம்புக்கல். அதில் 45 கோடி ஆண்டுக்கு முந்தைய கடலுயிர்களின் துணுக்குகள் இருக்கின்றன. கீழே இருந்தது மேலே போன கதை இது.

இந்தியா ஒரு காலத்தில் ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், அண்டார்டிகா, ஆஸ்திரேலியாவோடு ஒட்டி, கோண்டுவானா என்ற பெருநிலத்தில் இருந்தது. அதற்கும் ஆசியாவுக்கும் நடுவே டெதிஸ் என்ற கடல். சுமார் 13 கோடி ஆண்டுக்கு முன் நம் கிழக்குக் கரை அண்டார்டிகாவை விட்டுப் பிரிந்தது. 9 கோடி ஆண்டளவில் மடகாஸ்கரும் விலகியது. பிறகு இந்தியா வடக்கே ஓடிய ஓட்டம் தட்டுகளின் வரலாற்றிலேயே பெரிய வேகம், ஒரு கட்டத்தில் ஆண்டுக்கு 15 செ.மீ.-க்கும் மேல். சுமார் 5 கோடி ஆண்டுக்கு முன் ஆசியாவில் மோதியது. நடுவிலிருந்த டெதிஸின் தரை அடியில் போனது; அதன் மேல் படிந்திருந்த சேறும் சுண்ணாம்பும் நசுங்கி, மடிந்து, மேலேறியது. இரண்டு பக்கமும் கண்டப் பாறை, எதுவும் அமிழ விரும்பாது, ஆகவே ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஏறின. திபெத்தில் மேலோட்டின் தடிமன் 70 கி.மீ. அளவு, சாதாரணத்தைப்போல் இரண்டு மடங்கு.

இப்போது என் இரண்டு கற்களுக்கு வாருங்கள். இரண்டும் அம்மோனைட் என்ற கடலுயிரின் ஓடு பதிந்தவை. சாளக்கிராமம் நேபாளத்தில் காளி கண்டகி ஆற்றில் கிடைப்பது. 3,700 மீட்டருக்கும் உயரே உள்ள முக்திநாத் பகுதியிலிருந்து உருண்டு வருவது. அந்த உயிர் வாழ்ந்தது டெதிஸில், சுமார் 15 கோடி ஆண்டுக்கு முன். மேசைக் கல் காரைப் பக்கத்தது; அங்குள்ள களிமண் சுமார் 10 கோடி ஆண்டுப் பழசு. இந்தியா அண்டார்டிகாவை விட்டு விலகியதால் புதிதாகத் திறந்த கடலில் படிந்தது, அதாவது வங்கக்கடலின் குழந்தைப் பருவத்தில். மூடிப்போன கடலின் கல் பூசை அறையில், பிறந்த கடலின் கல் மேசையில். இதைச் சொல்லும்போது வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும். எனக்கும் ஒவ்வொரு முறையும் புல்லரிக்கும்.

"டீச்சரம்மா, சாளக்கிராமத்தைப் போய் நத்தைன்னு சொல்லலாமா?"

ஒரு மாணவனின் பாட்டி வருத்தத்தோடு கேட்டார். நத்தை என்று நான் சொல்லவில்லை அம்மா. அம்மோனைட்டுக்கு உறவு கணவாயும் ஆக்டோபஸும்தான். சாளக்கிராமம் உருண்டு வரும் முக்திநாத், திருமங்கையாழ்வார் பாடிய தலம், 108 திவ்ய தேசங்களில் ஒன்று. கல்லில் சக்கரம் இருப்பதைப் பார்த்தவர்கள் சரியாகவே பார்த்தார்கள். அந்தச் சக்கரம் எப்படி வந்தது என்பதை மட்டும் நான் சொல்கிறேன். வழிபாட்டுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. என் வீட்டிலும் தினம் துளசி சாத்துகிறோம்.

"அப்போ மேற்குத் தொடர்ச்சி மலையும் மோதித்தான் வந்துச்சா?"

இல்லை, அது பிரிவில் வந்தது. மடகாஸ்கர் விலகியது என்றேனே, அப்படிப் பிளந்த கண்டத்தின் உயர்ந்த விளிம்புதான் மேற்குத் தொடர்ச்சி மலை. அதனால்தான் கேரளப் பக்கம் செங்குத்தாக இறங்கி, நம் பக்கம் பெரும்பாலும் சரிவாகப் போகிறது, காவிரியும் வைகையும் கிழக்கே ஓடுகின்றன. ஆனால் அந்த மலையின் பாறை பிளவைவிடப் பன்மடங்கு பழசு.

எவ்வளவு பழசு என்று தொட்டுப் பார்க்க வேண்டுமானால் சென்னைப் பரங்கிமலைக்குப் போங்கள். அங்கே இருக்கும் கருநீலச் சாயல் பாறைக்கு சார்னோக்கைட் என்று பெயர். கொல்கத்தாவில், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் இந்தப் பாறையில் செய்தது என்பதால் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்தப் பெயரை வைத்தார். வயது சுமார் 250 கோடி ஆண்டு. உருவானது 20 கி.மீ.-க்கும் கீழே. மேலே இருந்த அத்தனை கிலோமீட்டரும் அரிக்கப்பட்டுப் போய்த்தான் இன்று அது வெயிலில் கிடக்கிறது.

"நம்ம பக்கம் எரிமலை ஏன் இல்ல?"

எரிமலை பெரும்பாலும் தட்டின் ஓரத்துச் சங்கதி, நாம் நடுவில் இருக்கிறோம். இந்தியாவில் இப்போது உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை அந்தமானில் உள்ள பாரன் தீவு (Barren Island). நெடுங்காலம் அடங்கிக் கிடந்து 1991-ல் மீண்டும் பொங்கியது. அங்கே நம் தட்டு அமிழ்கிறது.

ஓரத்தில் இல்லாத எரிமலையும் உண்டு. தட்டுக்கு அடியிலிருந்து சூடு ஒரே இடத்தில் மேலெழும். தட்டு அதன் மேல் நகர நகர வரிசையாகத் தடம் விழும். சுமார் 6.6 கோடி ஆண்டுக்கு முன் தக்காணத்தை லாவாவால் மூடியது அப்படி ஒரு சூடு. அதே தடம்தான் லட்சத்தீவு, மாலத்தீவு என்று தெற்கே கோடு போட்டுப் போகிறது. சூட்டு முனை இன்று இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவின் அடியில்.

"2004-ல சுனாமி எப்படி வந்துச்சு? கடல் உள்வாங்கும்னாங்களே, எங்க ஊர்ல அலைதான் முதல்ல வந்துச்சு."

நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வந்து குடியேறிய ஒரு தாய் கேட்டது. அன்று தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர் போனார்கள், அதில் பெரும்பகுதி நாகை மாவட்டத்தில். அந்த அம்மா சொன்னது சரியான அவதானிப்பு.

சுமத்ரா முதல் அந்தமான் வரை நம் தட்டு கிழக்கே உள்ள தட்டுக்கு அடியில் நுழைகிறது. வழுக்கிக்கொண்டே போனால் பிரச்சினை இல்லை. ஆனால் இரண்டும் சிக்கிக்கொள்ளும். மேல் தட்டின் விளிம்பையும் கீழே இழுத்துக்கொண்டே பல நூறு ஆண்டு அழுத்தம் சேரும். டிசம்பர் 26 காலை 6:29 மணிக்குச் சிக்கல் அவிழ்ந்தது. சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்குப் பிளந்து, விளிம்பு மேலே துள்ளியது. அதன் மேலிருந்த கடல் முழுவதும் தூக்கப்பட்டது. இரண்டரை மணி நேரம் போல ஆனபோது அலை நம் கரையில். விளிம்பு எழுந்த அதே நேரத்தில் அதன் பின்பகுதி தாழ்ந்தது: கிரேட் நிகோபாரின் இந்திரா முனை 4 மீட்டருக்கும் மேல் இறங்கி, கலங்கரை விளக்கத்தின் அடி கடலில் நின்றது. வட அந்தமானில் பவளப் பாறை தண்ணீரை விட்டு மேலே வந்தது.

தாய்லாந்து, தாழ்ந்த பக்கத்தில் இருந்தது. அங்கே கடல் முதலில் உள்வாங்கியது. நாம் எழுந்த பக்கத்தில் இருந்தோம். முதலில் வந்தது ஏற்றம். ஆகவே கடல் உள்வாங்கினால் ஓட வேண்டும், ஆனால் உள்வாங்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. எச்சரிக்கை வந்தால் உடனே மேட்டுக்குப் போக வேண்டும். 2007 முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது.

"2012-லயும் சுமத்ரா பக்கம் பெரிய நடுக்கம் வந்துச்சே, அப்போ ஏன் சுனாமி வரல?"

2012 ஏப்ரல் 11, அளவு 8.6. சென்னையில் மக்கள் அலுவலகங்களை விட்டுத் தெருவுக்கு ஓடி வந்தார்கள். ஆனால் அன்று தரை மேலே துள்ளவில்லை, பக்கவாட்டில் உரசி நகர்ந்தது. வாளியை அப்படியே தூக்கிப் போட்டால் தண்ணீர் எகிறும். வாளிக்கு அடியில் பாயை இழுத்தால் கொஞ்சம் தளும்பும். அதேதான்.

அந்த நடுக்கம் தட்டின் ஓரத்தில் இல்லை, நடுக்கடலில் தட்டின் உள்ளேயே நடந்தது என்பது இன்னும் முக்கியம். ஒரே தட்டாகப் பாடத்தில் வரும் இந்திய-ஆஸ்திரேலியத் தட்டு மெல்ல இரண்டாகப் பிரிந்துகொண்டிருப்பதற்கு அது ஓர் அறிகுறி. இமயத்தில் இந்தியா முட்டி நிற்கிறது, ஆஸ்திரேலியாவுக்கு அந்தத் தடை இல்லை.

"தமிழ்நாடு தட்டுக்கு நடுவுலதானே இருக்கு, இங்க நிலநடுக்கம் வராதுல்ல?"

குறைவு. வராது என்பது இல்லை. 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பகுதியில் சுமார் 6 அளவில் வந்தது. 2001 செப்டம்பரில் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவில் வந்து சென்னை வரை ஆட்டியது. இமயத்தில் முட்டும் அழுத்தம் தட்டு முழுக்கப் பரவுகிறது. உள்ளே பழைய விரிசல் எங்கே பலவீனமோ அங்கே அவிழும். 1993-ல் மகாராஷ்டிராவின் லாத்தூரில் 6.2 அளவுதான், சுமார் 10,000 பேர் இறந்தார்கள். மண்சாந்தில் கல் அடுக்கிய கனத்த வீடுகள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் விழுந்தன. எந்த நாள், எந்த நேரம் என்று முன்கூட்டிச் சொல்ல இதுவரை எவராலும் முடியாது. கைப்பேசியில் அப்படிச் செய்தி வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள். கட்டும் வீட்டில் தூணும் உத்திரமும் கம்பியால் ஒழுங்காகக் கோத்திருக்கிறதா என்று பாருங்கள்.

"குமரிக்கண்டம் இந்தத் தட்டு நகர்வுலதான் முழுகிச்சா?"

பலர் ஆசையோடு கேட்பது. அந்த ஆசை எனக்கும் புரியும். ஆனாலும் உள்ளதைத்தான் சொல்ல வேண்டும். கண்டப் பாறை இலேசானது, அமிழாது என்று முன்பு சொன்னேன். கன்னியாகுமரிக்குத் தெற்கே ஆழ்கடல் தரையில் மூழ்கிய கண்டம் அளவுக்கு எதுவும் இல்லை. குமரிக்கண்டத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் லெமூரியா என்ற பெயர் 1864-ல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் வைத்தது. மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் லெமூர் வகை விலங்குகள் இருப்பதற்கு ஒரு பாலம் வேண்டும் என்று நினைத்தார். நிலங்களே நகர்ந்தவை என்று தெரிந்தபின் அந்தப் பாலம் தேவைப்படவில்லை. சிதறிய சின்னக் கண்டத்துண்டுகள் உண்டு, செஷல்ஸ் தீவுகளின் கருங்கல் அப்படிப்பட்டது. ஆனால் அவை பிரிந்தபோது பூமியில் மனிதரே இல்லை.

பஃறுளியாற்றையும் குமரிக்கோடு என்ற மலையையும் கடல் கொண்டதாகச் சிலப்பதிகாரம் சொல்வதை இதனால் தள்ளிவிட வேண்டியதில்லை. சுமார் 20,000 ஆண்டுக்கு முன் பனிக்காலத்தில் கடல்மட்டம் 120 மீட்டர் அளவு கீழே இருந்தது. இலங்கைக்கு நடந்தே போகலாம். பனி உருகக் கரையோர நிலம் மெய்யாகவே கடலுக்குள் போனது. கரை இழந்த நினைவு ஒரு கரையோர மக்களிடம் இருப்பதில் வியப்பில்லை. அதற்குத் தட்டைக் காரணம் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

"இமயமலை இன்னும் வளருதுன்னா ஒருநாள் 10,000 மீட்டர் ஆயிடுமா?"

ஆகாது. எவரெஸ்ட் இன்று 8,848.86 மீட்டர். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் ஏறுகிறது. ஆனால் ஏற ஏறப் பனியாறும் மழையும் அறுக்கின்றன. தன் எடையையே அடிப்பாறை தாங்காமல் பக்கவாட்டில் பரவவும் செய்யும், திபெத் இப்போது கிழக்கு மேற்காக விரிகிறது. ஏற்றம் சீராகவும் இருப்பதில்லை. 2015 ஏப்ரலில் நேபாள நடுக்கத்தின்போது காத்மாண்டு சில நொடிகளில் ஒரு மீட்டருக்கும் மேல் தெற்கே நகர்ந்தது.

அறுபட்ட மலை எங்கே போனது? கங்கையும் பிரம்மபுத்திராவும் வங்கக்கடலில் கொட்டின. அந்த வண்டல் சுமார் 3,000 கி.மீ. நீளத்துக்கு, இலங்கையையும் தாண்டித் தெற்கே கடலடியில் விரிந்து கிடக்கிறது. திருகோணமலைக்குக் கிழக்கே ஆழ்கடலில் இறங்கினால் காலில் படுவது இமயத்துச் சேறு.

"காரையில நாங்க பார்த்த சுருள் கல்லை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமா மிஸ்?"

வேண்டாம் கண்ணு. எந்த அடுக்கில், எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் வயது இருக்கிறது. எடுத்துவிட்டால் அது வெறும் அழகான கல். என் மேசையில் இருப்பதும் அப்படித்தான், எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று அதைக் கொடுத்தவருக்கும் தெரியாது. ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் எடு, இடத்தைக் குறித்துக்கொள். பெரிதாக ஏதாவது கிடைத்தால் அரியலூர் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே சொல்லலாம். அடுத்த மழைக்குப் பிறகு மறுபடி போவோம். ஒவ்வொரு மழைக்கும் அந்த மேடு புதுசாக எதையாவது வெளியே தள்ளியிருக்கும்.